தண்ணீர் ஒறுத்தல்

நீங்கள் கடைசியாக எப்போது காலையிலிருந்து மாலைவரை சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள்? அப்போது உங்கள் ஆன்மா உயர்ந்ததா, அடிவயிறு உயர்ந்ததா?

ஒரு குழாய்த் தொழிலாளி இதை ஒரு பாதிரியாரிடம் நேருக்கு நேர் கேட்டாள். அதுவும் அவருடைய முகாமுக்குச் சேவை செய்ய வந்த நாலாம் நாளே.

அவளுக்கு நாற்பத்தாறு வயது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் இருபத்திரண்டு வருடமாகக் குழாய், வால்வு, அடைப்பு எல்லாம் அவள் பொறுப்பு. சட்டைப் பையில் எந்நேரமும் நாலைந்து ரப்பர் வாஷர் கிடக்கும். அதனால் கூட்டுகிறவரிலிருந்து பெரிய டாக்டர்வரை அவளை வாஷரக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஞானஸ்நானம் வாங்கியவள்தான். ஆனால் பத்து வயதில், மறைக்கல்வி வகுப்பில் எழுந்து, "மோட்சத்துல கக்கூஸ் உண்டா டீச்சர்?" என்று கேட்டதற்கு முட்டி போடச் சொன்னார்கள். பதில் தெரியாதவர்கள்தான் முட்டி போடச் சொல்வார்கள் என்று அன்றைக்கே அவளுக்கு விளங்கிவிட்டது. அதன்பிறகு கோயிலுக்கும் அவளுக்கும் கல்யாணம், சாவோடு சரி.

தங்கை நேர்மாறு. பாடகர் குழு, பங்குப் பேரவை, போதாததற்குக் கோடையில் இளையோர் முகாமின் பொறுப்பாளர். ஒரு செவ்வாய்க்கிழமை போன் வந்தது.

"அக்கா, முகாம்ல மோட்டார் புட்டுக்கிச்சு. நூறு பிள்ளைங்க வராங்க. எந்தப் பிளம்பரும் எட்டிப் பாக்க மாட்டேங்கிறான். உனக்குத்தான் லீவு மலை மாதிரி கிடக்குதே, ஆறு வாரம் வந்து சேவை பண்ணேன்."

"எனக்கு சாமி நம்பிக்கை இல்லடி."

"மோட்டாருக்கும் இல்ல. வா."

தன்னார்வலர் படிவத்தில் 'இறையழைத்தலை எப்போது உணர்ந்தீர்கள்?' என்று ஒரு கேள்வி இருந்தது. 'செவ்வாய் பதினொன்றரை மணிக்கு, தங்கையின் போனிலிருந்து' என்று எழுதிக் கொடுத்தாள். முகாம் இயக்குநரான ஃபாதர் அதைப் படித்துவிட்டு மோவாயைத் தடவினார். மோட்டார் போனதிலிருந்து வாளியில் தண்ணீர் சுமந்து குளித்துக்கொண்டிருந்தவருக்கு இறையியல் பேசத் தெம்பில்லை. கையெழுத்துப் போட்டார்.

முதல் நாளே மோட்டார் ஓடியது. மற்ற வேலைகளில் ஒன்று, சாப்பாட்டுக் கூடத்தில் இருந்த இரண்டு குடிதண்ணீர் டிரம்களை நிரப்புவது. ஒன்று பையன்கள் பக்கம், ஒன்று பெண்கள் பக்கம். பையன்களுடையதை ஒரு நாளைக்கு மூன்று முறை நிரப்ப வேண்டியிருந்தது. பெண்களுடையது காலையில் இருந்த மட்டத்திலேயே சாயங்காலமும் நின்றது. நாற்பத்திரண்டு பெண் பிள்ளைகள், கொளுத்துகிற வெயில், ஆனால் டிரம் குறையவில்லை. ஒழுகுகிற குழாயைத் தேடியே பழகியவளுக்கு, ஒழுகாத தண்ணீர் உறுத்தியது.

காரணம் சுவரிலேயே ஒட்டியிருந்தது. 'ஒறுத்தல் அட்டவணை.' ஒறுத்தல் என்றால் ஆண்டவருக்காக ஆசைப்பட்டதை விட்டுக்கொடுப்பது. விட்டுக்கொடுத்தால் ஒரு தங்க நட்சத்திரம். பையன்கள் வரிசையில் சாக்லெட் இரண்டு, பந்து விளையாட்டு ஒன்று என்று அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தது. பெண்கள் வரிசையில் 'தண்ணீர், தண்ணீர், தண்ணீர்' என்று வானமே மின்னியது. முதல் நாள் நாலு பேர், மூன்றாம் நாள் முப்பத்தொன்பது.

அட்டவணையின் சொந்தக்காரர், முகாமின் நிகழ்ச்சிகளை நடத்துகிறவர், பக்கத்தில் பூரித்துப்போய் நின்றார். தூங்கும்போதும் ஒலிவாங்கியை விடமாட்டார் என்பதால் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் மைக் அண்ணன்.

"பாத்தீங்களாக்கா, பொம்பளப் பிள்ளைங்க பக்தியே தனி. நான் ஒரு வார்த்தை சொல்லல. தானா விடுறாங்க."

"ஏன் விடுறாங்கன்னு கேட்டீங்களா?"

"ஆண்டவருக்காகத்தான். வேற எதுக்கு?"

அவள் அவரிடம் மேலே பேசவில்லை. தங்கை மகளைத் தேடிப் போனாள். பதின்மூன்று வயது. பெண்கள் விடுதிக்குப் பின்னால் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"தண்ணி ஏன்டி குடிக்கல?"

"ஒறுத்தல் பெரியம்மா."

"என்கிட்டயேவா?"

பெண் சுற்றுமுற்றும் பார்த்தாள். "கக்கூஸ் எங்க இருக்கு பாத்தீங்கல்ல? மைதானத்தைத் தாண்டி. இத்தனை பேருக்கு ரெண்டே ரெண்டு. ஒண்ணுக்குத் தாப்பாளே கிடையாது. பசங்க பந்து விளையாடிக்கிட்டே எண்ணுவானுங்க. 'இவ ரெண்டாவது தடவை'ன்னு கத்துவானுங்க. குடிக்காம இருந்தா போக வேணாம்ல."

"சரி, ஒறுத்தல் எங்கிருந்து வந்துச்சு?"

"ஏன் குடிக்கலன்னு மைக் அண்ணன் கேட்டாரு. ஒருத்தி என்ன சொல்றதுன்னு தெரியாம ஒறுத்தல்னுட்டா. உடனே நட்சத்திரம் ஒட்டிட்டாரு. அப்புறம் எல்லாரும் அதையே சொல்லிட்டோம்." கொடியில் கிடந்த துண்டை இழுத்து இழுத்துச் சரிசெய்தாள். "எனக்கு மூணு நட்சத்திரம். போறப்ப எரியுது பெரியம்மா. அம்மாகிட்ட சொல்லாதீங்க, வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

அன்று மாலையே டாக்டரிடம் கூட்டிப்போனாள். மாத்திரை கொடுத்தார். நிறையத் தண்ணீர் குடி, அடக்காதே என்றார். முதலாவது இலவசம், இரண்டாவதற்கு இடம் வேண்டும்.

இடம் இருந்தது. பெண்கள் விடுதியை ஒட்டியே 'ஆயர் அறை' என்று ஒன்று. இரண்டு குளியலறை, பளிங்குத் தரை, வெந்நீர்க் குழாய். ஆயர், அதாவது பிஷப், கோடையில் ஒரே ஒரு நாள், அதிலும் அரை நாள் வருவார். மிச்ச முந்நூற்று அறுபத்து நாலு நாளும் பூட்டு.

தங்கையையும் இழுத்துக்கொண்டு ஃபாதரிடம் போய் விஷயத்தைச் சொன்னாள். தங்கை மகள் நீர்க்கடுப்போடு படுத்திருப்பதையும் சொன்னாள். தங்கையின் முகம் வெளுத்தது. ஆனாலும் பழக்கம் விடவில்லை.

"அக்கா, மெதுவா பேசு. அடுத்த வருஷம் புதுசா கட்டலாம்னு கமிட்டில வைக்கிறேன்."

"அதுவரைக்கும் உன் மக அடக்கிக்கிட்டு இருப்பாளா?"

ஃபாதர் கெட்டவர் இல்லை. சங்கடத்தைக் கண்டால் பாட்டுப் புத்தகத்தைத் திறக்கிறவர், அவ்வளவுதான். "ஆயர் அறையை எல்லாருக்கும் திறந்துவிட்டா மரியாதையா இருக்காதும்மா. பிள்ளைங்க கொஞ்சம் பொறுத்துக்கட்டும். சின்னச் சிலுவைதானே."

அப்போதுதான் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டாள். ஃபாதர் பாட்டுப் புத்தகத்தைத் தேடினார்.

மறுநாள் வெளியூரிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்திருந்தார். காலை முழுக்க ஒறுத்தலின் மேன்மை பற்றி உரை. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்த நேரத்தில், வாஷரக்கா பையன்கள் விடுதிக்கும் ஃபாதர் வீட்டுக்கும் ஆயர் அறைக்கும் போகும் தண்ணீரை மூடினாள். வால்வின் கைப்பிடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள். அங்கிருந்த கழிப்பறைக் கதவு ஒவ்வொன்றிலும் ஓர் அட்டை தொங்கியது: 'பழுது எதுவும் இல்லை. நான்தான் மூடினேன். இன்று கழிப்பறை ஒறுத்தல். நட்சத்திரம் உண்டு.'

பையன்களுக்குக் கவலை இல்லை, மரங்கள் இருந்தன. அங்கி போட்டவர்களுக்கு மரம் ஏது? ஃபாதர் காலையில் இரண்டு கோப்பை காபி குடித்திருந்தார். பத்தரைக்கு நாற்காலியின் நுனிக்கு வந்தார். பதினொன்றுக்குக் காலை மாற்றிப் போட்டார். பிரசங்கியார் ஒறுத்தலின் மூன்றாவது படியில் ஏறும்போது, ஃபாதர் எழுந்து மைதானத்தில் இறங்கினார். கூடத்து ஜன்னலிலிருந்து ஒரு பெண் குரல் நிதானமாக, "ஒண்ணு" என்றது.

பெண்கள் கழிப்பறை வாசலில் அவருக்கு முன்னால் ஏழு பெண்கள் வரிசையில் நின்றார்கள். அன்றைக்கு யாரும் ஃபாதருக்கு வழிவிடவில்லை. தலைக்கு மேல் வெயில். கடைசியில் அவருக்குக் கிடைத்தது தாழ்ப்பாள் இல்லாத கதவு. ஒரு கையால் கதவு, மறு கையால் அங்கி. வெளியே வந்தபோது அவருடைய இறையியல் கணிசமாக மாறியிருந்தது.

வாஷரக்கா எதிரே நின்றாள்.

"இது மிரட்டல்மா."

"இல்ல ஃபாதர். சின்னச் சிலுவை."

அவர் ஆயர் அறைச் சாவியை எடுத்து நீட்டினார். "ஆயர் வந்தா நான் என்ன சொல்றது?"

"வரிசை எங்க முடியுதுன்னு காட்டுங்க."

அவள் ஆயர் அறையைப் பெண்களுக்குத் திறந்துவிட்டு, வால்வையும் திறந்தாள். அன்று மாலை பெண்கள் டிரம் இரண்டு முறை காலியானது. தங்கை இரண்டு நாள் அக்காவிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் கடையிலிருந்து புதுத் தாழ்ப்பாள் ஒன்றை வாங்கிவந்து அவள் மடியில் போட்டாள். "உனக்கு வெக்கமே கிடையாதுக்கா. திருப்புளி எங்க, நானே மாட்டுறேன்."

மைக் அண்ணன் வாராந்திர அறிக்கையில் 'பெண்கள் அணியில் பக்தி குறைந்து வருகிறது' என்று வருத்தப்பட்டு எழுதினார். அதன் கீழே பென்சிலால், 'ஆமாம். ஒருத்திக்கும் எரிச்சல் இல்லை' என்று யாரோ எழுதியிருந்தார்கள். கையெழுத்து வாஷரக்காவுடையது இல்லை. பதின்மூன்று வயதுக் கையெழுத்து.

இப்படி அட்டை தொங்கவிட எல்லா இடத்திலும் ஒரு குழாய்த் தொழிலாளி இருக்க மாட்டாள். அதனால் இன்று உங்கள் மகள் பள்ளிவிட்டு வந்ததும், அவள் கொண்டுபோன தண்ணீர்ப் பாட்டிலைத் தூக்கிப் பாருங்கள். கனமாக இருந்தால் அவளைத் திட்டாதீர்கள். நாளைக் காலை அவளோடு பள்ளிக்குப் போங்கள். கழிப்பறை எங்கே என்று கேளுங்கள், அதுவரை நடந்து பாருங்கள், உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழிட்டுப் பாருங்கள். தாழ் விழவில்லை என்றால், விழும்வரை தலைமையாசிரியர் அறையை விட்டு நகராதீர்கள்.