அர்ச்சுனன் சுரண்டி எடுத்த இடம்

இல்லவே இல்லை. அர்ச்சுனன் பெங்களூர்க்காரி ஒருத்தி பின்னால் வீட்டை விட்டுப் போய்விட்டான் என்று கிணற்றடியில் காசியம்மாள் சொல்லித் திரிகிறாளே, அது பச்சைப் பொய். அவளுக்குத் தெரிந்தது அடுத்த வீட்டுச் சுவர் மட்டும். சுவருக்கு உள்ளே நடந்தது அவன் பெண்டாட்டி சென்னம்மாளுக்குத்தான் தெரியும். சூனியக்காரன் என்பதும் பொய்தான். காலில் எறும்பு மிதிபட்டால் நின்று பார்க்கிறவன் சூனியம் வைப்பானா?

மொரப்பூர் ரயிலடியில் கைகாட்டிக்கும் வேலிக்கும் வர்ணம் அடிப்பது அவன் வேலை. டப்பாவின் அடியில் ஒட்டிக் கிடக்கும் வர்ணத்தை ஆளிவிதை எண்ணெய் விட்டு இளக்கி, உள்ளங்கை அகலத் தகரத்தில் படம் எழுதுவான். சாமி இல்லை, ராசா இல்லை. முறம், களி கிண்டும் துடுப்பு, கவிழ்த்து வைத்த சட்டி, கேழ்வரகுக் கொல்லையில் நிற்கும் ஒற்றை மாடு. ஒவ்வொன்றும் காய ஏழெட்டு நாள் ஆகும். சென்னம்மாள் அவற்றை அடுப்படிச் சுவரில் வரிசையாகச் சாத்தி வைப்பாள்.

ஒருமுறை ஆட்டுக்கல்லை எழுதினான்; குழவி இல்லை. படம் காய்வதற்குள் வீட்டுக் குழவி இரண்டாகப் பிளந்தது. காசியம்மாளின் வாசலை எழுதினான்; வேப்பமரம் இல்லை. அந்த வாரமே ஆடிக்காற்று மரத்தை வேரோடு சாய்த்தது.

"ஏனுங்க, மரத்த ஏன் உட்டீங்க?" என்றாள் சென்னம்மாள்.

"உடல புள்ள. பாக்குறப்ப அங்க தெரியல."

காசியம்மாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றே சொன்னாள்: "இனி எங்க வூட்ட எழுத வேணாம்னு சொல்லு. அப்படியே எழுதினா, எங்க மாமியாக்காரிய மறக்காம உட்டுரச் சொல்லு."

சிரித்தவர்கள் சிரித்தார்கள். சென்னம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை.

குண்டு விழும் என்று பயந்து பட்டணத்துச் சனம் ரயிலேறி வந்த வருஷம் அது. சண்டையால் வர்ண டப்பா வருவது நின்றுபோயிற்று. கடைசியாகக் கிடந்த ஒட்டலை வழித்து, அர்ச்சுனன் தன் வீட்டையே எழுதினான். வாசல், கறுப்பு நாய், கதவோரம் குந்தியிருக்கும் அவன். உள்ளே விட்டத்தில் தொங்கும் தூளி.

தூளி வெறுமையாக, துணி தட்டையாகத் தொங்கியது.

பிள்ளையை எடுத்ததும் தூளியை முடிந்து மேலே செருகிவிடுவது அந்த ஊர் வழக்கம். வெறுந்தூளி தொங்கினால் அதை நிரப்ப வேறொன்று வரும் என்பார்கள். அவன் முடிச்சை எழுத மறந்திருந்தான். அன்று சாயங்காலமே எட்டு மாத மகள் தீர்த்தம்மாளுக்கு உடம்பு கொதித்தது. மூன்றாம் நாள் பால் குடிக்க வாய் திறக்கவில்லை.

சென்னம்மாள் தகரத்தைக் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தாள். "இன்னும் காயல. புள்ளைய எழுதுங்க."

"டப்பா காலி புள்ள."

"நாய் மேல இருக்கறத வழிச்சு எடுங்க."

"நாய் கறுப்பு. பாப்பா காலுக்கு என் மேல் நிறந்தான் ஒத்து வரும்."

அவள் புரிந்துகொண்டு கையை நீட்டுவதற்குள், அவன் கத்தி முனையால் படத்தில் இருந்த தன்னைச் சுரண்டத் தொடங்கியிருந்தான். கதவோரத்தில் வெறும் தகரம் பளிச்சென்று தெரிந்தது. சுரண்டிய வர்ணத்தால் தூளித் துணிக்குக் கீழே ஒரு தொய்வு கொடுத்தான். விளிம்பில் சின்னதாக ஒரு பாதம் வைத்தான். ஐந்தாவது விரலை எழுதும்போது வீட்டுக்குள் தீர்த்தம்மாள் பசியில் வீறிட்டாள்.

மறுநாள் காலையில் பிள்ளை உடம்பு குளிர்ந்து பால் குடித்தது. அர்ச்சுனன் துண்டை உதறித் தோளில் போட்டான். சென்னம்மாள் பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு கதவுவரை வந்தாள்.

"தூளிய முடிஞ்சு வெக்க மறந்துராத புள்ள" என்றான்.

ரயிலடியிலிருந்து அவன் வருவதை அரை மைல் தொலைவிலேயே மோந்து எதிரே ஓடும் அந்தக் கறுப்பு நாய், வாசலில் குறுக்கே படுத்திருந்தது. அவன் அதைத் தாண்டிக் கால் வைத்து இறங்கினான். நாய் தலையைத் தூக்கவில்லை.