சாமுண்டி மலைப் படியில் பூட்டான் அதிகாரி

வெள்ளிக்கிழமை, காலை ஆறு மணி. மைசூர் பஸ் நிலையத்தில் என் கல்லூரித் தோழன் தோர்ஜியைக் கண்டதும் கட்டிப்பிடித்துக்கொண்டேன். பூட்டானில் சுற்றுலா அதிகாரி அவன். அந்த நாட்டில் வெளிநாட்டுப் பயணிகளை அளந்துதான் உள்ளே விடுகிறார்கள். இப்போது அவனுடைய சொந்த ஊர்த் திருவிழாவைப் பயணிகளுக்குத் திறக்கலாமா என்று அவனையே கேட்டிருக்கிறார்கள். திறந்தால் ஊருக்கு வருமானம். ஆனால் சாமி காரியம் வேடிக்கையாகிவிடுமோ என்று பயம். ஊர் திரும்பியதும் பதில் சொல்லியாக வேண்டும்.

"கூட்டம் வருகிற இடமாகக் காட்டு" என்றான். மைசூரில் அதற்கா பஞ்சம்!

ஆறரை மணி. மலையடிவாரத்துக்கு ஆட்டோ நூறு ரூபாய். மேலே ஆயிரத்துச் சொச்சம் படிகள். எங்களுக்கு முன்னால் ஒரு பெண் குனிந்து குனிந்து, படிக்குப் படி மஞ்சளும் குங்குமமும் வைத்துக்கொண்டே ஏறினாள். அடேயப்பா, என்ன வேகம்! தோர்ஜியின் கேமரா ஓயவில்லை. பேர் செல்வி என்றாள்.

"எங்க வீட்டுக்காரருக்கு ஹெப்பாள் ஃபேக்டரியில வேலை பர்மனென்ட் ஆயிடிச்சு சார். ஒரு படி விடாம வெக்கறேன்னு வேண்டிக்கிட்டேன்."

பாதி மலை ஏறியிருப்போம். மேலிருந்து இறங்கிய சுற்றுலாக் கும்பல் ஒன்று செல்விக்கு நேர் மேல்படியில் வரிசையாக உட்கார்ந்து படமெடுக்க ஆரம்பித்தது.

"ஸ்வல்ப, கொஞ்சம் எந்திரிங்க சார், இந்தப் படிக்கும் வெக்கணும்."

"இன்னும் ஒண்ணே ஒண்ணும்மா. நீயும் இப்படித் திரும்பு!"

அவள் குங்கும விரலோடு நின்றாள். கண் கலங்கிவிட்டது. எனக்கு வந்த கோபத்தில் கத்தியிருப்பேன். அதற்குள் தோர்ஜி தன் கேமராவைப் பையில் திணித்துக்கொண்டு மேலே போனான். என்ன சொன்னானோ, கும்பல் முணுமுணுத்தபடி எழுந்து போனது.

செல்வி மஞ்சள் கிண்ணத்தை அவனிடம் நீட்டினாள். "சும்மா வர்றதுக்கு நீங்க மஞ்சள் வெச்சிக்கிட்டு வாங்கண்ணா. குங்குமம் நான் வெக்கறேன்."

அவள் சொன்னதை நான் அவனுக்கு இந்தியில் சொன்னதுதான் தாமதம், அவன் குனிந்துவிட்டான்!

ஒன்பது மணி. மலையுச்சி. தோர்ஜியின் விரலெல்லாம் மஞ்சள், இடுப்பில் கை, முகம் கொள்ளாத சிரிப்பு. செல்வி பிரசாதம் கொடுத்துவிட்டுப் போனாள்.

"பதில் கிடைத்துவிட்டது" என்றான் தோர்ஜி. "பயணிகள் வரட்டும். கேமராவை ஊர் எல்லையில் வைத்துவிட்டு, எங்களோடு திருவிழா வேலை செய்யட்டும்."

"போடா! காசையும் கொடுத்து வேலையும் செய்ய எவன் வருவான்?"

அவன் படிகளை எட்டிப் பார்த்தான். கீழே இன்னும் இரண்டு பெண்கள் படிக்குப் படி மஞ்சள் வைத்துக் குனிந்தபடி ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"அவர்களுக்கு உதவிக்கு ஆள் வேண்டுமா, கேளேன்" என்றான்.