கதவு திறக்காத கார்

போலீஸ் வந்து எழிலரசனைச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனதாமே! எதிர்வீட்டுக் கோவிந்தம்மா கண்ணால் பார்த்தாளாம். அன்றைக்கு அவள் செம்பரம்பாக்கத்தில் மகள் வீட்டில் கறிக்குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அங்கிருந்தே ஸ்ரீபெரும்புதூர் தெருவைப் பார்க்கிற கண் அவளுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது? திருட்டுக் கார் என்பதும் அவள் வாயில் பிறந்ததுதான். அது எழிலரசன் காசு கொடுத்து வாங்கிய பழைய பியட். நடந்ததைக் கேளுங்கள், அப்புறம் பேசுங்கள்.

மெக்கானிக் அவன். இருங்காட்டுக்கோட்டையில் கார் பந்தயத்துக்குத் தடம் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதுமே பித்துப் பிடித்துவிட்டது. பின்சீட்டைப் பிடுங்கினான். உள்ளே இரும்புக் குழாய்களைக் குறுக்கும் நெடுக்கும் வைத்தான். ஓட்டத்தில் திறந்துகொள்ளக் கூடாதென்று கதவுகளையும் பற்றவைத்து மூடினான். ஏறுகிறவன் சன்னல் வழியாகக் காலை விட்டுத்தான் உள்ளே போக வேண்டும். புதுப்பேட்டைப் பழைய உதிரிபாகக் கடையில் என்ஜின் ஒன்றை வாங்கிப் பொருத்தினான். பில் வாங்கவில்லை. அங்கே யார் பில் கேட்டார்கள்?

போன வருஷம் அவன் மனைவி செந்தாமரைக்கு வலி கண்டபோது கார் வாசலில்தான் நின்றது. நிறைமாத வயிற்றோடு சன்னலில் ஏற முடியுமா? பால் வண்டி வரும்வரை கிடந்தாள். பிள்ளை தங்கவில்லை.

இப்போது மறுபடி ஏழாம் மாதம்.

"கதவு தொறக்கிற காரு வந்தாத்தான் இந்த வூட்ல இருப்பேன். இல்லன்னா எங்கம்மா வூட்டுக்குப் போறேன்" என்றாள்.

"வித்துட்றேன் தாமர."

ஆட்கள் வந்தார்கள். ஆனால் அவன் ஒவ்வொருவரையும் கார் நின்ற தார்ப்பாய் மறைப்புக்குள் கூட்டிப்போய் ஏதோ முணுமுணுப்பான். வந்தவர் பைக்கை உதைத்துக்கொண்டு போய்விடுவார். மூன்று பேர் இப்படியே போனார்கள். விற்க மனமில்லாமல் இவனே விரட்டுகிறானோ என்று செந்தாமரைக்கு உறுத்தியது. நாலாவதாகப் பூந்தமல்லி ரகுபதி, பந்தய ஆசையில் அப்பாவின் அம்பாசடரிலேயே வந்தான். அவள் முறத்தை எடுத்துக்கொண்டு, அரிசி புடைக்கிற சாக்கில் தார்ப்பாய் ஓரம் உட்கார்ந்தாள்.

"என்ஜின் நம்பர் புக்குல இருக்கிற நம்பர் இல்லண்ணா. பில்லும் கெடையாது. சொல்லாம வித்தா நாளைக்கு நீங்க மாட்டுவீங்க" என்றது எழிலரசன் குரல்.

"இன்னாய்யா நீ! மே மாசம் இங்க குண்டு வெடிச்சதுக்கப்புறம் இந்த ஊரு வண்டின்னாலே செக்போஸ்ட்ல எறக்கி வுட்றான். திருட்டு என்ஜின் இல்லன்னு ஸ்டேஷன்ல ஒரு லெட்டர் வாங்கிக் குடு. அம்பாசடர வுட்டுட்டு இத எட்துகினு போறேன்."

ரகுபதி போனதும் அவள் முறத்தைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

"நெசமாவே திருட்டு என்ஜினா?"

"தெரியல."

"தெரியலையா? கட்னவகிட்டகூட பொய்யா?"

"பொய் சொல்றதுன்னா இல்லன்னு சொல்லிட்டுப் போயிருப்பேனே. தெரியாமதான் ஸ்டேஷன் பக்கமே போகாம கீறேன்."

குண்டு வெடிப்பு விசாரணை என்று உள்ளே போனவர்கள் உடனே திரும்பவில்லை. பயம் எல்லாருக்கும் இருந்தது. அவனுக்கு மட்டும் இருக்கக் கூடாதா? மூன்று நாள் சாப்பாட்டில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தான். அவளும் தாய்வீட்டுக்குத் துணி மடித்து வைத்துவிட்டாள்.

நாலாம் நாள் காலையில் குளித்து, வெளுத்த சட்டை போட்டு, வண்டிப் புத்தகத்தைப் பையில் வைத்தான்.

"எப்ப வருவ?"

"வுட்டா வருவேன்."

ஊரைவிட்டே ஓடுகிறானோ என்று, பைக்குள் வேட்டி, துண்டு ஏதாவது இருக்கிறதா எனக் கையை விட்டுப் பார்த்தாள் அவள். புத்தகம் மட்டும்தான். அப்போதும் நம்பவில்லை. தெருமுனையில் இடப்பக்கம் பஸ் ஸ்டாண்டு, வலப்பக்கம் ஸ்டேஷன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்து, கண்ணிமைக்காமல் நின்றாள். அவன் நடந்தே போனான், தனியாக. முனையில் ஒரு நிமிஷம் நின்று முகத்தைத் துடைத்தான். வலப்பக்கம் திரும்பினான்.