பத்தடி வராந்தா

மலாயாவில், ஈப்போவில் இருந்துகொண்டு கட்டடக்கலையைத் தபாலில் படித்தவன் நான். லண்டனில் இருந்த ஒரு பள்ளி சில மாதங்களுக்கு ஒருமுறை ஒரு தாள் அனுப்பும். இன்ன கட்டடம், இவ்வளவு நிலம், இத்தனை பேர் கூடுவார்கள் என்று நாலைந்து வரிகள் அதில் இருக்கும். நான் வரைந்து அனுப்பும் படம் கப்பலேறிப் போய், சிவப்பு மையில் திருத்தம் வாங்கிக்கொண்டு திரும்பி வரும். அதற்குள் அந்தச் சுவரை ஏன் அந்த இடத்தில் வைத்தேன் என்பது எனக்கே மறந்து போயிருக்கும்.

பகலில் ஒரு வெள்ளைக்காரக் கட்டடக்கலைஞரின் அலுவலகத்தில் வேலை. அவர் கிறுக்கிக் கொடுப்பதை அளவு பிசகாமல் மையில் வரைந்து கொடுக்க வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து என்னைக் கூட்டிவந்து இந்த வேலையில் சேர்த்துவிட்ட ஒன்றுவிட்ட அண்ணன், மூன்றாம் மாதமே சிங்கப்பூருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். ஒரு சீனர் காப்பிக்கடைக்கு மேல்மாடியில் எனக்கு அறை. சனிக்கிழமை மத்தியானம் அலுவலகம் மூடினால், திங்கட்கிழமை காலை வரை நான் யாரிடமும் பேசாமலே இருந்த வாரங்கள் உண்டு. காப்பிக்கடையில்கூட விரலைக் காட்டினால் போதும், காப்பி வந்துவிடும்.

அப்படிப்பட்டவனுக்கு லண்டனிலிருந்து வந்த தலைப்புகள் எல்லாம் மனிதர்கள் கூடும் இடங்களாகவே இருந்தன. முதலில் பூங்காவில் பாண்டு வாசிப்பவர்களுக்கு ஒரு மேடை. அடுத்தது ஒரு சிறிய ஊருக்குப் பொழுதுபோக்கு கிளப்: வாசிக்கும் அறை, சீட்டாடும் அறை, பில்லியர்ட்ஸ் அறை.

பில்லியர்ட்ஸ் மேசையை நான் கண்ணால் பார்த்ததில்லை. ஊரில் இருந்த வெள்ளைக்காரர் கிளப்பின் கூரை ஒழுகுகிறது என்று எங்கள் அலுவலகத்துக்குச் சொல்லி அனுப்பியபோது, நானே போகிறேன் என்று முந்திக்கொண்டேன். பின்வாசல் வழியாக, சமையலறையைத் தாண்டி உள்ளே போனேன். ஒழுகும் இடத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்ட பிறகு, பில்லியர்ட்ஸ் மேசையையும் அளந்தேன். பன்னிரண்டடிக்கு ஆறடி. பந்தை அடிக்கும் கோலைப் பின்னால் இழுக்க எவ்வளவு இடம் வேண்டும் என்று தெரியவில்லை. யாரும் இல்லாத நேரம் பார்த்து, குடையைக் கோலாகப் பிடித்துக்கொண்டு மேசையைச் சுற்றிக் குனிந்து குனிந்து பார்த்தேன். அங்கே வேலை செய்த சீனர் கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது பிறகுதான் தெரிந்தது. அவர் சிரிக்கவில்லை. மேசையின் பச்சைத் துணியில் என் குடை பட்டதா என்று மட்டும் வந்து தடவிப் பார்த்தார்.

அந்தப் படத்துக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது. சொல்வதற்கு ஆளில்லை.

அடுத்த தாள் வந்தது. கிராமத்து உழைப்பாளிகளுக்கு ஒரு பொழுதுபோக்கு மண்டபம். அவரவர் வசிக்கும் பகுதியில் ஏதாவது ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்து வரையலாம் என்று போட்டிருந்தார்கள். அதே மாதம் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றின் துரை எங்கள் முதலாளியிடம் வந்தார். தோட்டத்து ஆட்களுக்கு ஒரு மண்டபம் கட்ட வேண்டும், ஆட்கள் சாயங்காலமானால் கள்ளுக்கடையே கதி என்று கிடக்கிறார்கள் என்றார். சின்ன வேலை என்பதால் முதலாளி அதை என்னிடம் விட்டுவிட்டார்.

"போய்ப் பார். வரைந்து கொண்டு வா. உன் பரீட்சைக்கும் ஆயிற்று" என்றார்.

துரை இடத்தை ஏற்கெனவே முடிவு செய்திருந்தார். ஆட்கள் குடியிருந்த லயத்துக்கும் அவருடைய பங்களாவுக்கும் நடுவில் ஒரு மேடு. பங்களாவிலிருந்து பார்த்தால் மண்டபம் தெரிய வேண்டும் என்பது அவர் விருப்பம். தோட்டத்துக் கிராணி, அதாவது அலுவலகக் கணக்கர், அங்கே என்னைக் கொண்டுபோய் விட்டுவிட்டுப் போனார். நிலத்தை அளந்து முடித்ததும் எனக்கு ஒரு ஆசை வந்தது. மண்டபத்தில் உட்காரப் போகிறவர்களில் ஒருவரிடமாவது கேட்டுவிட வேண்டும் என்று.

ரப்பர் மரங்களில் பால்வெட்டு முடிந்து ஆட்கள் திரும்பும் நேரம். லயத்துக் குழாயடியில் ஒரு பெண் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கும். நெற்றி வெறுமையாக இருந்தது.

"உங்களுக்கு இந்த மண்டபத்தில என்ன வேணும் எண்டு சொல்லுங்கோ" என்றேன்.

அவள் வாளியைக் கீழே வைத்தாள். "ஐயா பேசுறது வெளங்கலீங்க."

என் யாழ்ப்பாணத் தமிழை மடக்கி வைத்துவிட்டு, புத்தகத்தில் இருப்பதுபோல மறுபடியும் கேட்டேன். அவள் மேட்டைப் பார்த்தாள். பிறகு விரல்களில் காய்ந்து ஒட்டியிருந்த பாலை உரித்துக்கொண்டே கேட்டாள்.

"அந்த மண்டபத்துல பொணத்தக் கெடத்த விடுவாங்களா?"

யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"போன மழைக்கு எங்க வீட்டுக்காரரு காய்ச்சல்ல போயிட்டாருங்க. ரூம்புல எங்களோட இன்னொரு குடும்பம் இருக்கு. உள்ள கெடத்த எடமில்ல. கோயில்லயும் கெடத்தக் கூடாது. முன்னால நடையிலதான் போட்டோம். கால் ரெண்டும் மழையில. மத்தியானம் வரைக்கும் ஆள் மாத்தி ஆள் கொடய புடிச்சிக்கிட்டு நின்னாங்க. அப்பயும் நனைஞ்சிட்டாரு."

அழாமல்தான் சொன்னாள். சொல்லிவிட்டு, "கேட்டீங்களேன்னு சொன்னேங்க. கங்காணிகிட்ட சொல்லிறாதீங்க" என்று வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ரயிலில் திரும்பும்போது அந்த இரண்டு கால்களே கண்ணில் நின்றன. ஒரு வாரம் வரைந்து வரைந்து கிழித்தேன். மண்டபத்துக்குள் சாவை வைத்தால் பிறகு அங்கே யாரும் பாட்டுப் பாட வரமாட்டார்கள். வெளியே வைத்தால் மழை. கடைசியில், மேற்குப் பக்கமாக மண்டபத்தின் நீளத்துக்கு ஒரு வராந்தா போட்டேன். அகலம் பத்தடி. கூரை நன்றாகத் தாழ்ந்து இறங்கியிருக்கும். லயத்துப் பக்கம் தனிப்படி. வராந்தாவிலிருந்து மண்டபத்துக்குள் போகக் கதவு கிடையாது. படத்தில் அதற்கு ஒரு பெயர் எழுத வேண்டுமே. 'மழைக்கால விளையாட்டுகளுக்கு' என்று எழுதினேன்.

முதலாளி படத்தைப் பார்த்தார். "கதவு ஏன் இல்லை?"

"பந்து உள்ளே போய்விடக் கூடாதே என்று."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். தோட்டத்துத் துரைக்கும் மழைக்கால விளையாட்டு மிகவும் பிடித்துவிட்டது. அதே படத்தை இன்னொரு பிரதி எடுத்து லண்டனுக்கும் அனுப்பினேன்.

மண்டபம் நாலு மாதத்தில் எழுந்தது. திறப்பு விழாவுக்கு முதலாளி போனார். என்னை யாரும் கூப்பிடவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நானாகவே போய்ப் பார்த்தேன். பெஞ்சுகள், இரண்டு கேரம் பலகைகள், மடிப்புக் கலையாத பத்திரிகைகள். ஆள் ஒருவர்கூட இல்லை. உள்ளே ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். லயத்திலிருந்து சிலர் எட்டிப் பார்த்தார்கள். யாரோ மேற்பார்வைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்திருப்பார்கள், வந்த வழியே திரும்பிவிட்டார்கள்.

கிராணியிடம் கேட்டேன். "யாரு வருவா? பங்களாலேருந்து பாத்தா தெரியுது. இங்க வந்து குந்தினா, சும்மாதான இருக்கேன்னு கங்காணி ஒரு வேலையக் குடுத்துருவாரு. கள்ளுக்கடைன்னா அவரு வரமாட்டாரு லா" என்றார், அந்த ஊர்ப் பேச்சில் ஒட்டிக்கொள்ளும் 'லா'வோடு.

அந்த வாரமே லண்டனிலிருந்து என் படம் திரும்பி வந்திருந்தது. மேற்கு வராந்தாவைச் சுற்றி சிவப்பு வட்டம். 'இதற்குக் கதவும் இல்லை, காரணமும் இல்லை. நீக்கிவிட்டு மறுபடி அனுப்பவும்' என்று எழுதியிருந்தது.

காரணத்தை நான் எழுதியிருக்கலாம். ஒரு பக்கத்தில் எழுதி முடித்துவிடக்கூடிய விஷயம்தான். பேனாவை எடுத்தேன். பொழுதுபோக்கு மண்டபம் என்ற தலைப்புக்குக் கீழே பிணம் என்ற சொல்லை எழுதக் கை வரவில்லை. எங்கள் ஆட்கள் எப்படி வாழ்கிறார்கள், எப்படிச் சாகிறார்கள் என்பதை ஊர் தெரியாத ஒருவருக்கு இங்கிலீஷில் விளக்குவது எனக்குக் கூச்சமாக இருந்தது. எங்கள் ஆட்கள் என்று சொல்லவும் எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. புதுத் தாளை விரித்து, வராந்தா இல்லாமல் மண்டபத்தை வரைந்தேன். வெறும் செவ்வகம். அரைநாளில் முடிந்துவிட்டது.

ஐந்து மாதம் கழித்துக் கடிதம் வந்தது. திட்டம் இப்போது தெளிவாக இருக்கிறது, அந்தப் பகுதியில் நான் தேறிவிட்டேன் என்று. சனிக்கிழமை மத்தியானம் அது கைக்குக் கிடைத்தது. அறையில் உட்கார்ந்து இரண்டு தரம் படித்தேன். சிங்கப்பூர் அண்ணனுக்கு எழுத உட்கார்ந்து, தேதியைப் போட்டுவிட்டு நிறுத்தினேன். மறுநாள் காலை கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சுங்கை சிப்புட்டுக்கு ரயில் ஏறினேன். யாரைப் பார்க்கப் போகிறேன் என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

வழியெல்லாம் மழை. தோட்டத்துக்குள் நுழையும்போதே சாவுக்கு அடிக்கும் தப்பு மேளம் கேட்டது. மேட்டுக்குப் போனால், மேற்கு வராந்தாவில் ஒருவரைக் கிடத்தியிருந்தார்கள். பால் சுமந்துகொண்டிருந்தவராம், வயதானவர், விடியற்காலையில் போயிருக்கிறார். வேட்டி நனையாமல், கால் நனையாமல் படுத்திருந்தார். தலைமாட்டில் விளக்கு ஆடாமல் எரிந்தது. பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். கூட்டம் பெரிது. வெளி வரிசையில் இருந்தவர்களின் முதுகில் சாரல் அடித்துக்கொண்டிருந்தது.

மண்டபத்துக்குள் எட்டிப் பார்த்தேன். கேரம் பலகைகளைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, பெஞ்சுகளையும் தள்ளி வைத்துவிட்டு, தோட்டத்து ஆண்கள் எல்லாரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வெற்றிலை கைமாறிக்கொண்டிருந்தது. யாரோ இறந்தவரைப் பற்றி ஏதோ சொல்ல, மற்றவர்கள் மெல்லச் சிரித்தார்கள். சாவுக்கு உட்கார்ந்திருப்பவர்களை எந்தக் கங்காணியும் வேலைக்குக் கூப்பிட முடியாது. கங்காணியே அவர்களோடு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

எனக்கும் அவர்களோடு உட்கார வேண்டும் போல இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், கதவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்துவிட்டுச் சட்டென்று எழுந்தார். அவரைப் பார்த்து அடுத்தவர். ஐயா தரையில் உட்கார்ந்திருக்கிறார் என்று ஒரு நிமிஷத்தில் அந்தப் பக்கம் முழுவதும் எழுந்து நின்றுவிட்டது. பேச்சு நின்றுபோயிற்று.

"இருங்கோ, இருங்கோ" என்றேன். யாரும் உட்காரவில்லை.

குழாயடியில் பார்த்த அந்தப் பெண் எங்கிருந்தோ ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். முந்தானையால் துடைத்து எனக்கு முன்னால் போட்டாள்.

"இதுல உக்காருங்கய்யா. அவங்க உக்காரணும்ல."

உட்கார்ந்தேன். அவர்களும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள், ஆனால் என்னைச் சுற்றி நாலடி இடம் விட்டு. அவள் போகும்போது குரலைத் தாழ்த்தி, "இந்த நடைய நீங்கதான் வச்சிங்களாமே. கிராணி சொன்னாரு" என்றாள். ஆமாம் என்று தலையசைத்தேன். அவள் வராந்தாப் பக்கம் போய்ப் பெண்களோடு உட்கார்ந்துகொண்டாள். கொஞ்ச நேரத்தில் அவள் குரலும் ஒப்பாரியில் கேட்டது.

நான் இருக்கும்வரை அந்த மூலையில் பேச்சு திரும்பவில்லை. எழுந்து வெளியே வந்தேன். படி இறங்கும்போது பின்னால் யாரோ பேச ஆரம்பித்தது கேட்டது.

ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த ஒரு தமிழர், ரயில்பாதையில் வேலை செய்பவர், என் நனைந்த சட்டையைப் பார்த்துவிட்டு எங்கே போய்விட்டு வருகிறேன் என்று கேட்டார். சாவுக்கு என்றேன். "சொந்தக்காரங்களா அண்ணே?" இல்லை என்றேன். பிறகு, கேட்காமலே, "பரீட்சையில பாஸ் பண்ணிட்டேன்" என்றேன். அவர் கொஞ்சம் குழம்பினார். "நல்லதுதான் லா" என்று சொல்லிவிட்டு, செமோர் ஸ்டேஷன் வருவதற்குள் தூங்கிப் போனார்.

பத்து நாள் கழித்து முதலாளி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் தோட்டத்துத் துரையின் கடிதம். வராந்தாவில் பிணத்தைக் கிடத்தியதைப் பார்த்துவிட்டு, மழைக்கால விளையாட்டு என்று படத்தில் எழுதியிருந்தது இதுதானா என்று அவர் கேட்டிருந்தார். இனி மறைக்க ஒன்றுமில்லை. குழாயடியில் கேட்டது முதல் எல்லாவற்றையும் சொன்னேன். முதலாளி அலமாரியிலிருந்து அந்தப் படத்தை எடுத்து மேசையில் விரித்தார். வராந்தாவின் மேல் அளவுகோலை வைத்தார்.

"கூட்டத்துக்குப் பத்தடி போதுமாக இருந்ததா?"

"இல்லை. வெளி வரிசை நனைந்தது."

"என்னிடம் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். பதினாலடி போட்டிருக்கலாம்" என்றார். கோபமாகத்தான் சொன்னார். நான் முன்பே சொல்லாததற்குத்தான் கோபம் என்று எனக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. இந்த ஊரில் என்னோடு பேச யாரும் இல்லை என்று இரண்டு வருஷமாக நினைத்துக்கொண்டு, தினமும் எட்டு மணி நேரம் இந்த மனிதருக்கு அடுத்த அறையில் இருந்திருக்கிறேன். அப்போதாவது ஏதாவது பேசியிருக்கலாம். "சரி சார்" என்றுதான் சொன்னேன்.

தோட்டத்துத் துரைக்கு அவர் என்ன எழுதினாரோ, தெரியாது. வராந்தாவை யாரும் இடிக்கவில்லை. அடுத்த மாதம் ஒழுகலைச் சரிசெய்கிறோம் என்ற பேரில் மேற்குக் கூரையை நாலடி நீட்டத் தகரமும் மரமும் போயின. அதற்கான படத்தை நான்தான் வரைந்தேன். சாவுக்கு வந்து உட்கார்ந்ததிலிருந்து கங்காணி அங்கே யாரையும் வேலைக்குக் கூப்பிடுவதில்லை, சாயங்காலங்களில் மண்டபத்தில் இப்போது கேரம் சத்தம் கேட்கிறது என்று கிராணி பிற்பாடு ஒருமுறை ஈப்போவில் பார்த்தபோது சொன்னார். ஒருநாள் வந்து பாருங்கள் என்றும் கூப்பிட்டார். வருகிறேன் என்றேன். போகவில்லை.