கிணற்றில் மிதந்த எண்ணெய்

பர்மாவில் எண்ணெய்க் கிணறுகள் உள்ள ஊரிலிருந்து தம்பி வந்திருந்தான். பள்ளத்தூரில் அவனுடைய பொட்டல் நிலத்துக் கிணற்றில் கறுப்பாக எண்ணெய் மிதந்தது.

"எண்ணெய் பொறந்த எடத்துல நிக்காது ஆச்சி. பாறை இடுக்குல ஊறி ஊறி இங்குட்டு வந்திருக்கு" என்றான் அக்காவான என்னிடம்.

என் சீதன வயலை அவனுக்குக் கொடுத்துப் பொட்டலை வாங்கிக்கொண்டேன்.

எந்தப் பக்கம் ஊறுகிறது என்று பார்க்கக் கிணற்றை இறைக்கச் சொன்னேன். பாறை இடுக்கு எதிலும் கசிவே இல்லை. இறைத்த எண்ணெயை முகர்ந்தேன். கரையான் ஏறாமலிருக்க என் வீட்டுத் தேக்குத் தூண்களுக்கு அவன் பர்மாவிலிருந்து கொண்டுவந்து பூசிய எண்ணெயின் அதே வாடை.

"நீதான் ஊத்துனியா?"

"நீங்கதான ஆசப்பட்டீக ஆச்சி" என்றான்.

தூண்களைக் கரையான் இன்றுவரை தொடவில்லை. நான்தான் அவற்றில் சாய்வதில்லை.