லிஃப்டுக்குள் ஒட்டிய சுலோகம்

லிஃப்ட் மெக்கானிக்குக் கோபம் மூக்குக்கு மேல். இருபத்தாறு வருடமாக அந்த ஆறுமாடிக் கட்டடத்து லிஃப்டைப் பார்த்துக்கொள்கிறார். மனைவி அங்கேயே கூட்டித் துடைக்கிறவள். மேனேஜர் திங்கள்தோறும் முட்டாள்களைப் பற்றிய பழைய சமஸ்கிருதச் சுலோகம் ஒன்றை, தமிழ் அர்த்தத்தோடு லிஃப்டுக்குள் ஒட்டுவார். மெக்கானிக் ஒரு வரி விடாமல் படித்து, இது மேனேஜருக்கு, இது மச்சானுக்கு என்று பங்கு வைப்பார். தனக்கென்று ஒன்றுகூட எடுத்துக்கொண்டதில்லை, மகானுபாவர்!

அந்தத் திங்கட்கிழமைச் சுலோகம், அறிவாளியை அசைக்கக் காரணம் வேண்டும், முட்டாளை அசைக்கக் குத்தலாக ஒரு வார்த்தை போதும் என்றது. "அச்சு அசல் நம்ம மச்சான்!" என்று சிரித்தபடி மேலே மெஷின் அறைக்குப் போனார். பிரேக் பட்டை காகிதமாய்த் தேய்ந்து கிடந்தது. சிரிப்பு போய்விட்டது. மெயினை அணைத்துவிட்டு, 'பழுது, ஏறாதீர்கள்' என்ற போர்டைக் கீழே மாட்டினார்.

மேனேஜர் ஓடிவந்தார். "இன்னைக்கு மேலிடத்து ஆளுங்க வர்றாங்க. சாயங்காலம் வரைக்கும் ஓட்டுங்க."

"எவனாவது விழுந்து செத்தா நீங்களா பதில் சொல்வீங்க? படியேறி வரச் சொல்லுங்க!"

மேனேஜர் உதட்டைச் சுழித்தார். "முன்னெல்லாம் எதுக்கும் அசர மாட்டீங்க. வயசாயிடுச்சு, பயம் வந்துடுச்சு. போங்க, வேற ஆளைக் கூப்பிட்டுக்கறேன்."

சுருக்கென்று தைத்தது. "யாருக்குய்யா பயம்?" போர்டைப் பிடுங்கி எறிந்தார். தடதடவென்று மேலே ஏறி மெயினைப் போட்டார். இருபத்தாறு வருட அனுபவம், ஒரு வீம்புக்கு முன்னால் பல்லிளித்தது. சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது!

மேலிடத்து ஆட்கள் வருவதற்குள் அவர் மனைவி வாளியோடு ஏறிவிட்டாள். நாலாவது மாடியில் கதவு திறந்தது. அவள் ஒரு காலை வெளியே வைத்ததும், பிரேக் பிடிக்காமல், மறுமுனை எடைக்கல் இழுக்க லிஃப்ட் மேல்நோக்கி நழுவியது. அலறல் கேட்டு மெயினை அணைத்துவிட்டு அவர் ஓடிவந்தபோது, அவள் வராந்தாவில் கிடந்தாள். கணுக்கால் முறிந்து திரும்பியிருந்தது.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு முடிக்கும்வரை அவர் குதித்துக்கொண்டே இருந்தார். "அந்த முட்டாப்பய மேனேஜரைச் சும்மா விடமாட்டேன்! அவன் கழுத்தை நெரிக்கலைன்னா பாரு!"

அவள் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டுதான் பேசினாள்.

"அந்தாளுக்கு பிரேக்கைப் பத்தி என்ன தெரியும்? உங்களுக்குத் தெரியும்ல? தெரிஞ்சுதானே மெயினைப் போட்டீங்க?"

திட்டுவதற்கு வேறு ஆள் யாரும் அவருக்கு அகப்படவில்லை.