காதுக்கு மேலே மச்சினன்

கடையில் இரண்டு நாற்காலிகள். வாசல் வெளிச்சம் விழும் முதல் நாற்காலி மாஸ்டருக்கு. உள்ளே தள்ளியிருக்கும் இரண்டாவது அவருடைய மச்சினனுக்கு. முதல் நாற்காலிக்குப் பின்னால் யார் நிற்கிறாரோ, கடை அவருடையது. முடிதிருத்தும் தொழிலில் இதை யாரும் எழுதி வைக்கவில்லை, எல்லோருக்கும் தெரியும். இருபத்தாறு வருடமாக மாஸ்டர் அங்கே நின்று, முழங்கையைத் தோளுக்கு மேல் தூக்கிப் பிடித்து வெட்டிக்கொண்டிருந்தார். முழங்கை இறங்கினால் மரியாதை இறங்கும் என்பது அவர் கட்சி.

வலது தோளில் வலி வந்தபோது அவர் மூச்சு விடவில்லை. தெரிந்தால் மச்சினன், "நீங்க உட்காருங்க மாமா, முதல் நாற்காலிய நான் பாத்துக்கறேன்" என்பான். அவன் அதைப் பாசமாகத்தான் சொல்வான். அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

கை தோள் மட்டத்தைத் தாண்டும்போதெல்லாம் சுருக்கென்றது. ஆகவே தாண்டாமலே வெட்டினார். பிடரியும் பக்கவாட்டும் பளிச்சென்று ஆயின; உச்சியில் புதர் அப்படியே நின்றது.

"என்ன மாஸ்டர், மேல கை வைக்கலயா?" என்று கேட்டார் ஒரு வாத்தியார்.

"உங்க முகத்துக்குக் கொஞ்சம் உயரம் வேணும் சார்."

வாத்தியாரின் முகம் ஏற்கெனவே புடலங்காய் நீளம். ஒரு மாதத்தில் அந்தத் தெரு ஆண்களில் பாதிப் பேர் தலையில் கூடு கட்டிக்கொண்டு திரிந்தார்கள். அடுத்த தெருவிலிருந்து இரண்டு இளைஞர்கள் வந்து, "அந்தப் புது கட்டிங் வேணும்ணே" என்று கேட்டபோது, மாஸ்டருக்கே வெட்கமாக இருந்தது.

கண்டுபிடித்தது மனைவி.

"ஏங்க, சட்டையோட என்ன சண்டை?"

"பட்டன் சரியில்ல."

"பட்டன் முன்னாடி இருக்கு. நீங்க முதுகுப் பக்கம் கைய விட்டுத் தவிக்கிறீங்க. கிளம்புங்க, டாக்டர்கிட்ட போலாம்."

டாக்டர் பார்த்துவிட்டு பிசியோதெரபி அறைக்கு அனுப்பினார். அங்கிருந்த பெண் முதலில் அவரையே கையைத் தூக்கச் சொன்னாள். பாதியில் முகம் கோணியது. பிறகு, "தளர விடுங்க, நான் தூக்கறேன்" என்று மெல்லத் தூக்கினாள். கை முழுதாக மேலே போனது.

"தோள் இறுகிப் போயிருந்தா நான் தூக்கினாலும் போகாது. இது அது இல்ல. எப்படி வெட்டுவீங்க, காட்டுங்க."

மாஸ்டர் பெருமையாக நின்று முழங்கையை உயர்த்தினார். உடனே "அம்மா" என்றார்.

"வெளிய உருண்டையா தெரியுதே, அந்தப் பெரிய தசைதான் கையத் தூக்குதுன்னு எல்லாரும் நினைப்பாங்க. உள்ள நாலு சின்னத் தசைங்க கை எலும்பைக் குழிக்குள்ள பிடிச்சு வெச்சிருக்கு. அந்த நாலுல மேல இருக்கறதோட தசைநார் ஒரு குறுகலான சந்துல போகுது. முழங்கைய தோளுக்கு மேல தூக்கிக்கிட்டே வேலை செஞ்சா அங்க நெரிபடும். புண்ணாயிடும்."

"அப்ப ஹார்ட் இல்லையே? கடைக்கு வர்ற தையல்காரர் ஹார்ட்டுன்னாரு. மெக்கானிக், கேஸ் ட்ரபிள்னாரு."

"மத்ததெல்லாம் டாக்டர் பாத்துட்டாரு. இது உங்க முழங்கை செஞ்ச வேலை. ஆறு வாரம் அது தோள் மட்டத்துக்கு மேல போகக் கூடாது. கீழ தாராளமா வெட்டுங்க."

விலாவுக்கும் முழங்கைக்கும் இடையில் சுருட்டிய துண்டை வைத்து, ரப்பர் பட்டையை வெளிப்பக்கமாக இழுக்கும் பயிற்சியும் கொடுத்தாள். கடையில் துண்டுக்கா பஞ்சம்.

மச்சினனிடம் சொல்லியே ஆக வேண்டியிருந்தது. அவன் சிரிக்காமல் கேட்டுக்கொண்டான்.

"இது ரகசியமா மாமா? ஊர்ல பாதிப் பேர் தலையில எழுதியிருக்கே. சொல்லுங்க, முதல் நாற்காலிய நான் எடுத்துக்கவா?"

"வேணாம். நீயும் என் நாற்காலிக்கே வா. காதுக்கு மேல உனக்கு, கீழ எனக்கு."

ஆறு வாரம் ஒரு தலைக்கு இரண்டு பேர் நின்றார்கள். எல்லைத் தகராறு தினமும் நடந்தது. "நெத்தி ஓரம் என்னுது மாமா, கத்தரிய எடுங்க." "கிருதா எங்க முடியுதோ அதுவரைக்கும் என்னுதுடா." நடுவில் மாட்டிய வாத்தியார், "எனக்கு ஒரு காது தாழ்வு. எதுலேர்ந்து அளக்கறீங்கன்னு சொல்லிட்டுச் சண்டை போடுங்கப்பா" என்றார்.

ஏழாவது வாரம் தோள் சந்து வலிக்கவில்லை. அன்று மாஸ்டர் நாற்காலியின் மிதியை அழுத்தி இருக்கையைத் தாழ இறக்கினார். வாத்தியார் பள்ளிப் பிள்ளைபோல உள்ளே அமிழ்ந்தார். மாஸ்டரின் முழங்கை விலாவோரமே இருந்தது. கத்தரி உச்சிவரை போய் வந்தது.

"மேல மட்டும் உங்க மச்சினன்கிட்ட விடுங்களேன். பழகிடுச்சு" என்றார் வாத்தியார்.

உள்ளே மச்சினன் சீப்பைத் துடைப்பதில் மும்முரமாக இருந்தான்.

"இருபத்தாறு வருஷப் பழக்கத்த நான் விட்டுட்டேன் சார். உங்களுது ஆறு வாரம்தான். தலையக் குனிங்க."